அப்பத்தா படம் வரையணும், கையில் இருப்பது ஒரே ஒரு பழைய போட்டோ

#1 கரித்துண்டு

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடிப் பக்கம். பகலில் பேங்க் வேலை, பென்சிலைத் தொடுவது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். நாலு வருஷமாகக் கரியிலும் ஆயிலிலும் முகங்கள் வரைகிறேன்.

எங்க ஐயாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவருக்கு, வரும் தையில் 90 முடிகிறது. அதற்குள் அப்பத்தாவை ஆயிலில் வரைந்து வீட்டுக் கூடமான பட்டாலையில் மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பத்தா 1981-ல் போய்விட்டார்கள். நான் பார்த்ததே இல்லை. இருப்பது ஒரே ஒரு படம்: 1958-ல் ஐயாவும் அப்பத்தாவும் ஜோடியாக ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பத்தா தவறியபோது அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்களாம். அதைத்தான் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தேன்.

கட்டம் போட்டு வரைந்தேன். டிரேசிங் பேப்பரை மேலே வைத்துச் சரி பார்த்தேன். கண், மூக்கு, உதடு எதுவும் அரை மில்லிமீட்டர்கூடத் தப்பவில்லை. ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குத்தா. யாரு இது?" என்றார்.

மூன்று தடவை வரைந்தாச்சு. மூன்று தடவையும் அதே கேள்வி. ஐயாவுக்கு ஞாபகம் பிசகவில்லை, 1962-ல் ரங்கூனிலிருந்து யார் யார் திரும்பி வந்தார்கள் என்று பேர் பேராகச் சொல்வார். போட்டோவைப் பார்த்து வரைவதே தப்பு என்று நான் போன வகுப்பில் ஒரு மாஸ்டர் சொன்னார். அதுதானா காரணம்?

#2 நேர்பார்வை

உங்கள் மாஸ்டர் சொன்னதில் பாதி சரி. கும்பகோணத்தில் கவின்கலை படித்தபோது எங்களை முதல் வருஷம் முழுக்கப் போட்டோ பக்கமே விடவில்லை. ஆளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பார்க்கும்போது அந்த முகம் இருபது தடவை மாறும். கழுத்து தளரும், வாயோரம் இறங்கும், எதையோ நினைத்துக் கண் நிமிரும். அத்தனையிலும் மாறாமல் நிற்பது எது என்று கை தேடும். அதுதான் சாயல். கேமரா நூறில் ஒரு பங்கு வினாடியை வெட்டித் தருகிறது. அந்தத் துண்டு அவருடையதா, போட்டோகிராபர் "அசையாதீங்க" என்று அதட்டிய பயத்துடையதா என்று யாருக்குத் தெரியும்?

ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலை முன்னால் உட்கார்ந்துதான் வரைந்தார். கல்லுக்கே அப்படி என்றால் மனுஷ முகத்துக்கு?

#3 ப்ளெக்ஸுக்கு முந்தின ஆள்

நேர்பார்வை தம்பி, செத்துப்போன ஆச்சியை எங்கேப்பா கொண்டுவந்து உட்கார வைப்பது?

நான் பேனர் போட்டவன். சினிமாக் கம்பெனி ஸ்டில் அனுப்பும், உள்ளங்கை அகலப் படம். அதில் நூல் பிடித்துக் கட்டம் போட்டு நாற்பதடி கட்டவுட்டில் ஏற்றுவோம். மூக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும். சாரத்தில் நிற்கிறவனுக்கு எதிரே தெரிவது வெறும் பழுப்பு நிறம். இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் நடிகர் சிரிப்பார். கட்டத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

போட்டோவைத் தொட்டால் தீட்டு என்கிற பேச்சும் எனக்குப் புரிந்ததில்லை. 1839-ல் போட்டோ வந்தது, அடுத்த தலைமுறை ஓவியனே அதைக் கையில் எடுத்துவிட்டான். பாரிஸில் டெலக்ருவா போட்டோவைப் பார்த்து உடம்பு வரைந்து பழகினார். ஜெர்மனியில் லென்பாக் பிஸ்மார்க்கை எத்தனையோ தடவை வரைந்தார், பக்கத்தில் போட்டோக்களை வைத்துக்கொண்டுதான். நம்ம ரவிவர்மாவும் போட்டோவை வைத்து வேலை செய்தவர்தான். செட்டிநாட்டு வளவில், அதாவது உள் முற்றத்தில், அவர் அச்சுப்படம் இல்லாத வீடு உண்டா? அந்த லட்சுமி சரஸ்வதிக்கு ஜரிகையும் மணியும் சமிக்கியும் தைத்து அழகு பார்த்த ஆச்சிமார்கள் "இதை நேரில் பார்த்தா வரைஞ்சே?" என்று யாரையும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன் தங்கச்சி. போட்டோவில் இருக்கிற கறுப்பை நம்பாதே. கேமராவுக்கு நிழலுக்குள் பார்க்கத் தெரியாது, நம்ம கண்ணுக்குத் தெரியும். தாடைக்கு அடியில் மையாகக் கறுத்துக் கிடந்தால் அதை அப்படியே அப்பாதே. அங்கேயும் தோல் இருக்கிறது.

#4 வெட்டி_ஆபீசர்

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஏஐ-ல போட்டா அஞ்சு நிமிஷத்துல கலர்ல வந்துடும். சிரிக்கக்கூட வைக்கலாம்.

#5 டார்க்ரூம் தாத்தா

வெட்டி ஆபீசர் தம்பிக்கு: அந்த ஆச்சியின் பல்வரிசை அந்தப் பெட்டிக்குத் தெரியாது. வேறு யார் யாருடைய முகங்களிலிருந்தோ பல்லையும் இமை முடியையும் எடுத்து ஒட்டித் தரும். பார்க்க லட்சணமாக இருக்கும். பேத்திக்கு வேண்டியது அப்பத்தா அல்லவா?

கரித்துண்டு, நான் ஓவியன் இல்லை. ஒரு ஸ்டூடியோவில் 1967 முதல் முப்பது வருஷம் இருட்டறையில் கிடந்தவன். அந்தக் காலத்துப் படத்தில் என்னென்ன பொய் இருக்கும் என்று எனக்குத் தெரியும், பாதிப் பொய் நானே சொன்னது.

முதல் பொய் ரீடச். நெகட்டிவ் மேல் மருந்து தடவி, பென்சிலை ஊசி மாதிரி நீளமாகச் சீவி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வைப்போம். கண்ணுக்குக் கீழே குழி, மூக்கோரச் சுருக்கம், அம்மைத் தழும்பு, மச்சம் எல்லாம் போய்விடும். வாடிக்கையாளர் கேட்க மாட்டார், நாங்களாகவே செய்வோம். கல்யாணப் படம் என்றால் கட்டாயம். உங்கள் ஐயா தேடுவது ஒருவேளை நாங்கள் அழித்த மச்சமாக இருக்கலாம்.

இரண்டாவது, நிறம். அப்போது பல ஸ்டூடியோக்களில் புழங்கியது ஆர்த்தோ பிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் இருட்டறையில் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு கழுவ முடிந்தது. குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும். அரக்குப் புடவை கறுப்புப் புடவை ஆகும். நம்ம மாநிறத் தோலில் சிவப்பு ஓட்டம் உண்டு இல்லையா, அதுவும் இருட்டாக விழும், உதடு இன்னும் இருட்டு. அதைச் சமாளிக்கத்தான் கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருப்போம். படத்தில் ஆச்சி கறுப்பா சிவப்பா என்பதைப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முடிந்தால் அந்தப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

#6 கரித்துண்டு

தாத்தா, படம் போட்டிருக்கிறேன். பட்டாலையில் சட்டத்துக்குள் இருப்பதை மொபைலில் எடுத்தது, கண்ணாடியில் என் கையும் தெரியும், மன்னிக்கவும். மச்சம் பற்றி ஐயாவிடம் கேட்டேன். "மச்சமெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார். அப்புறம் அவராகவே, "அந்தப் படத்துல அவ வேற யாரோ மாதிரி இருப்பா, நான் என்னைக்குமே அதைப் பாக்குறதில்ல" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஐயாவின் சாய்வு நாற்காலி எப்போதும் அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் கிடக்கும். காற்றுக்காக அப்படிப் போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தோம்.

ஆனால் அதே படத்தில் அவர் முகம் மட்டும் அச்சாக அவரே என்கிறார். அது எப்படி?

#7 ஊசிநூல்

எனக்கு வரைய வராது. தையல் கடை வைத்திருக்கிறேன், இங்கே சும்மா படம் பார்க்க வருவேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்க ஐயா போட்டிருக்கிற சட்டைக்குப் பை வலது மார்பில் இருக்கிறது. பேனாவும் அங்கேதான் செருகியிருக்கிறார். பட்டன் பட்டியும் பாருங்கள், வலது பக்கம் மேலே ஏறி இடது பக்கத்தை மூடுகிறது. ஆம்பளைச் சட்டை அப்படித் தைக்க மாட்டோம், இடதுதான் மேலே ஏறும், பையும் இடதுதான். ஒரு தையல்காரர் ஒன்றைத் தப்பலாம், இரண்டையுமா தப்புவார்?

ஆச்சிக்கு முந்தானையும் வலது தோளில் விழுந்திருக்கிறது.

#8 டார்க்ரூம் தாத்தா

ஊசிநூல், உமக்கு ஒரு பொன்னாடை. முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

படம் புரண்டிருக்கிறது. 1981-ல் பெரிதாக்கும்போது என்லார்ஜரில் நெகட்டிவைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார்கள். மருந்துப் பக்கம் கீழே பார்க்க வேண்டும், மேலே பார்த்தால் இடம் வலமாகிவிடும். வேலை நெருக்கடியில் நடக்கும். எழுத்துப் பலகை ஏதாவது படத்தில் இருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். வெறும் திரை, இரண்டு பேர், ஒரு பூச்சாடி. யார் கண்டுபிடிப்பார்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த முகத்துக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஒரு புருவம் ஏறியிருக்கும், வாய் ஒரு பக்கம் இழுக்கும், மூக்குத் தண்டு கொஞ்சம் ஒதுங்கும். கூடவே வாழ்ந்தவர் மனசில் பதிந்திருப்பது அந்தக் கோணல்தான். அதை இடம் வலம் மாற்றினால் அளவு எல்லாம் சரியாக இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். ஆனால் ஐயா தன் முகத்தைத் தினமும் எங்கே பார்க்கிறார்? சவரக் கண்ணாடியில். அவருக்குத் தெரிந்த அவர் முகமே புரண்ட முகம்தான்! அதனால்தான் அவர் அவராகத் தெரிகிறார், பெண்டாட்டி அந்நியமாகத் தெரிகிறார்.

நீங்கள் கட்டம் போட்டது அரை மில்லிமீட்டர் தப்பாமல் அந்தத் தப்பைத்தான்.

#9 கரித்துண்டு

கை நடுங்குகிறது. மொபைலிலேயே படத்தைப் புரட்டி ஐயாவிடம் நீட்டினேன். எதுவும் சொல்லவில்லை. மொபைலைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகுதான் கொடுத்தார்.

பினாங்கில் இருக்கும் அத்தையிடம் பேசினேன். 1958-ல் ஸ்டூடியோக்காரர் கொடுத்த அசல் பிரதி, போஸ்ட்கார்டு அளவு, அவர்கள் ஆல்பத்தில் இருக்கிறதாம். அதில் சட்டைப் பை இடது பக்கம்! 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முகம் ஒன்றரை சென்டிமீட்டர்தான், அதில் எழுநூறு பிக்ஸல் கிடைத்தால் பெரிய விஷயம்.

ஆனாலும் கறுப்பு வெள்ளை. தோல் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் எங்கே போவேன்? இன்னொரு அத்தை தேவகோட்டையில் இருக்கிறார்கள், அப்பத்தா ஜாடை என்பார்கள். அவர்களை வைத்துப் பார்க்கலாமா? நான் எடுத்த செல்பி ஒன்று இருக்கிறது, அதில் அவர்கள் மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது.

#10 நேர்பார்வை

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜீவன் இல்லாததுதான் கோளாறு என்று நினைத்தேன், கோளாறு சட்டைப் பையில் இருந்தது.

அத்தையை வைத்துப் பாருங்கள், தாராளமாக. செல்பியை மட்டும் விட்டுவிடுங்கள். மூக்கு முன்னால் வருவது லென்ஸ் செய்வதில்லை, தூரம் செய்வது. ஓரடி தூரத்தில் மூக்கு கேமராவுக்கு நெருக்கம், காது அதைவிட அரையடி தள்ளி. அந்த அரையடி அங்கே பெரிய வித்தியாசம். 2018-ல் அமெரிக்காவில் கணக்கிட்டுச் சொன்னார்கள், ஓரடியில் எடுத்தால் மூக்கு உள்ளதைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும், ஐந்தடி போனால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே ஆறேழு அடி தள்ளி நின்று 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். கேமரா அவர்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். நின்றபடி எடுத்தால் நெற்றி பெருத்துத் தாடை சிறுத்துவிடும்.

வெளிச்சத்துக்கு உங்களுக்கு வளவு இருக்கிறது, சென்னைக்காரன் ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுத்து வாங்கும் வெளிச்சம் அது. வளவின் நடுவில் உட்கார வைக்காதீர்கள், வானம் நேர் மேலே இருக்கும், கண் இரண்டும் குழியாகிவிடும். சுற்றுப் பத்தியில், தூணுக்குப் பின்னால் இரண்டடி உள்ளே தள்ளி, முகத்தைத் திறந்தவெளிப் பக்கம் கால்வாசி திருப்பி உட்கார வையுங்கள். ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் இதமான நிழல். பின்சுவர் முட்டை வெள்ளைக்கரு போட்டு மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அதுவே நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அசல் பிரதியில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதே பக்கம் வையுங்கள், புரட்டுவதற்கு முந்திய பழக்கத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வெயில் நேராகத் தரையில் விழும் நேரம் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு தாடைக்கு அடியில் ஏறும். நேரில் பார்த்தால் அது அழகு, வரைய வேண்டிய விஷயம். மொபைல் அதைக் குழப்பம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் நீலமாக்கிவிடும்.

போட்டோ எடுத்து முடித்த கையோடு மொபைலை உள்ளே வைத்துவிட்டு, அதே இடத்தில் அரை மணி நேரம் அத்தையை நேரில் வரையுங்கள். மோசமாக வந்தாலும் பரவாயில்லை. நிழலில் என்ன நிறம் இருந்தது என்று அந்தக் கிறுக்கல் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிறகு போட்டோவும் உங்கள் குறிப்பும் சண்டை போட்டால் குறிப்பு பக்கம் நில்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் இன்னும் பழைய ஆள்தான்.

#11 சட்டப்புள்ளி

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 1958-ல் காசு கொடுத்தவர் ஐயா. கவலை வேண்டாம். நெட்டில் கிடைக்கும் அடுத்தவர் போட்டோவைப் பார்த்து வரைந்து விற்பது வேறு கதை, அதற்கு அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே கூலிக்கு முகம் வரைகிறவர்களுக்கும் ஒரு தகவல்: அதே பிரிவு, ஆர்டரின் பேரில் காசுக்கு வரையும் உருவப்படத்துக்கும் பொருந்தும். காப்பிரைட் வாடிக்கையாளருக்குப் போய்விடும். வரைந்தது நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவில் உங்களிடமே இருக்கும். காலண்டர் போடும் உரிமை வேண்டுமென்றால் முன்கூட்டி எழுதி வாங்குங்கள்.

#12 ப்ளெக்ஸுக்கு முந்தின ஆள்

வக்கீல் சார், இது தெரியாமல் நான் எத்தனை காலண்டர்காரனோடு சண்டை போட்டேன்!

தங்கச்சி, நிறத்துக்கு: மாநிறத்துக்குப் பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர், அல்ட்ராமரைன், அலிசரின், வெள்ளை போதும். கறுப்பு டியூபைத் திறக்கவே திறக்காதே. கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளையை மட்டும் கலந்தால் சாம்பல் பூசின மாதிரி ஆகும். வளவில் மேலே வானம், அதனால் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் விழும் மினுக்கு நீலம் கலந்தது. ஒரு துளி போட்டுப் பார்.

புடவை என்ன புடவை? பெட்டகத்தில் தேடினீங்களா?

#13 டார்க்ரூம் தாத்தா

புடவையைக் கண்டுபிடித்தால் அத்தைக்குக் கட்டிவிட்டு எடுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கும்போது மொபைல் படமும் பழைய படமும் ஒன்றாக இருக்காது, பயப்பட வேண்டாம். மொபைலில் பச்சை, நீலம் பக்கம் மட்டும் கூட்டிச் சிவப்பை அடியோடு குறைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்தக் காலத்து பிலிம் பார்த்த மாதிரி வரும். இரண்டும் பொருந்தினால் அதே புடவை.

#14 கரித்துண்டு

இரண்டு மாசம் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புடவை கிடைத்தது. படத்தில் கறுப்பாகத் தெரிந்தது அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கி, கரை மட்டும் கடுகு மஞ்சள். தாத்தா சொன்னபடி சிவப்பைக் குறைத்துப் பார்த்தேன், கட்டமே தெரியாமல் கறுத்து, பழைய படத்தோடு அப்படியே ஒட்டியது. மடிப்பில் இற்றுப்போயிருந்ததால் அத்தைக்குக் கட்டிவிடவில்லை, தோளில் மட்டும் போட்டோம். இடது தோளில், ஊசிநூல் அண்ணே.

அத்தையை வளவில் உட்கார வைத்து நாற்பது போட்டோ எடுத்தேன். கடைசியில் உபயோகப்பட்டது மூன்று. நேர்பார்வை அண்ணன் சொன்ன அரை மணி நேரக் கிறுக்கல்தான் ஈசலில் முழுநேரமும் ஒட்டியிருந்தது, "தாடை நிழல்: பச்சை கலந்த பழுப்பு, கறுப்பு இல்லை" என்று அதில் எழுதியிருந்தேன். எலும்பும் கோணலும் பினாங்குப் பிரதியிலிருந்து. இடது புருவம் ஏறியிருப்பதை வேண்டுமென்றே ஒரு நூல் அதிகமாக்கினேன், ரீடச்காரர் அதைக் குறைத்திருப்பார் என்று ஒரு சந்தேகம். தாத்தா, உங்களைச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாட்டினோம். பெரியப்பா மக்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் தலைமுறையில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. "அப்பத்தா மாதிரியே இல்லையே" என்று என் தம்பி முகத்துக்கு நேரே சொன்னான். அவனும் என்னைப் போலப் புரண்ட படத்தைப் பார்த்து வளர்ந்தவன்தானே.

ஐயா ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார். "வைரத்தோடு போடலையா?" என்றார். போட்டோவில் காது முந்தானை நிழலில் மறைந்திருந்தது, நான் சும்மா ஒரு பொட்டுத் தங்கம் வைத்திருந்தேன். "அன்னைக்குப் போட்டிருந்தா. எரவல் தோடு. படம் எடுத்துட்டு வந்து அன்னைக்கே அவுக ஆத்தாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டா" என்றார்.

இப்போது படம் சுவரிலிருந்து இறங்கி மறுபடி ஈசலில் இருக்கிறது. வளவு வெளிச்சத்தில் வைரம் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தேவகோட்டை அத்தையிடம் தோடு கேட்டிருக்கிறேன். சாய்வு நாற்காலியை யார் திருப்பிப் போட்டார்கள் என்று தெரியவில்லை, ஈசலைப் பார்த்துக் கிடக்கிறது.

#15 ப்ளெக்ஸுக்கு முந்தின ஆள்

வைரத்துக்கு வெள்ளையை அப்பாதே தங்கச்சி. முதலில் நல்ல இருட்டு வை. அதன் மேல் ஒரே ஒரு புள்ளி, கத்தி முனையால்.